பரம்பரையின் பெயரால்

சென்ற ஆண்டு எமது வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தையார் நுரையீரற் புற்றுநோயால் மாண்டார். மேசன் தொழில் செய்தவர், வயது ஐம்பத்திரண்டு. பதினைந்து வயதிலே பற்றவைத்த பீடி, ஆசுபத்திரிக் கட்டிலில் விழும்வரை அவர் விரலிடுக்கை விட்டு அகலவில்லை. பிறருடைய வீடுகளுக்குக் கூரை போடுவதற்காக அஸ்பெஸ்டஸ் சீற்றுகளைக் கைவாளால் அரிந்து, அந்தத் தூசியை முப்பது வருடமாகச் சுவாசித்தவர். செத்தவீட்டுப் பந்தலின் கீழ் இருந்தோர் இவ்விரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசினாரல்லர். "அது அவையின்ரை பரம்பரை வருத்தம். தேப்பனும் இப்பிடித்தான் போனவர்" என்றார் ஒருவர். "என்ரை பேரனார் தொண்ணூறு வயது மட்டும் சுருட்டுப் பத்தினவர். அவருக்கு ஒண்டும் வரேல்லையே! எல்லாம் பிறப்பிலை இருக்கு" என்றார் இன்னொருவர். எம்மைப் போல ஆசிரியத் தொழில் பார்க்கும் நண்பர் ஒருவர், "இப்ப விஞ்ஞானமும் அதைத்தானே சொல்லுது, எல்லாம் ஜீனிலை எண்டு" எனக் கூறி அந்தப் பேச்சுக்கு முத்திரையும் குத்தினார்.

அந்தியேட்டி முடிந்து பாடசாலைக்குத் திரும்பிய பையன், இடைவேளையிலே எம்மிடம் தனியே வந்து கேட்டான்: "சேர், எனக்கும் அது வருமோ?"

பந்தலின் கீழ்ப் பேசப்பட்டது அவன் காதிலும் விழுந்திருக்கிறது. இக்கட்டுரை அவனுக்கு நாம் கூறும் விடை. எமது ஆசிரிய நண்பருக்கு நாம் கூறும் மறுப்பு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுதல் நன்று. பிறப்போடு வருவது எதுவுமில்லை என்று வாதிட நாம் முற்படவில்லை. அப்படி வாதிட்டோர் ஒரு காலத்தில் நம் அணியிலேயே இருந்தனர். 1948ஆம் ஆண்டிலே லைசென்கோவின் சொல்லைக் கேட்டுச் சோவியத் ஆட்சி மரபியலையே பூர்ஷ்வா விஞ்ஞானம் என்று ஒதுக்கியது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே உலகப் புகழ்பெற்ற பயிரியல் விஞ்ஞானி வவிலோவ் சரத்தோவ் நகரச் சிறையிலே உயிர்நீத்தார். விரும்பாத உண்மையை விரட்டியடிப்பதால் உழைக்கும் மக்களுக்கு நன்மை எதுவும் விளையாது என்பதை அவ்வரலாறு நமக்குக் கற்பித்திருக்கிறது. நம் கலங்களில் உள்ள நிறமூர்த்தங்களிலே அமைந்த பரம்பரை அலகுகள் ஆளுக்கு ஆள் சிறிது சிறிது வேறுபடுகின்றன. அவ்வேறுபாடுகளுள் சில நுரையீரற் புற்றுநோய்க்கு ஒருவரை மற்றொருவரிலும் பார்க்கச் சற்று எளிதாக இலக்காக்குகின்றன. பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருள் ஒருவருக்கு இந்நோய் வந்திருப்பின், மற்றவருக்கு வரக்கூடிய வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இவையெல்லாம் உண்மை. நாம் எழுப்பும் கேள்வி வேறு. இந்த உண்மை எவ்வளவு பெரியது? அதை எடுத்து எவர் எதற்காகப் பயன்படுத்துகின்றனர்?

இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1950ஆம் ஆண்டிலே பிரித்தானியாவில் ரிச்சர்ட் டொல், பிரட்போர்ட் ஹில் ஆகிய இருவரும், அமெரிக்காவில் ஏர்ன்ஸ்ட் வைண்டர், எவார்ட்ஸ் கிரஹாம் ஆகிய இருவரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தனர். நுரையீரற் புற்றுநோய்க்கும் சிகரட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதே அம்முடிவு. 1951இலே டொல்லும் ஹில்லும் பிரித்தானிய வைத்தியர்களுக்கே வினாக்கொத்து அனுப்பி, 34,439 ஆண் வைத்தியர்களின் வாழ்வையும் சாவையும் கணக்கெடுக்கத் தொடங்கினர். அக்கணக்கு ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. சிகரட் முதலாளிகள் கலங்கினர். 1953 டிசெம்பரில் அமெரிக்கக் கம்பனித் தலைவர்கள் நியூயோர்க்கின் பிளாசா ஹோட்டலிலே கூடினர். 1954 ஜனவரி 4ஆம் திகதி நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் அவர்களுடைய அறிக்கை வெளியாயிற்று. மக்களின் உடல்நலமே தமது முதற் கடமை என்று அவர்கள் அதிற் சத்தியம் செய்தனர். ஆராய்ச்சிக் குழு ஒன்றையும் நிறுவினர்.

அக்குழுவின் விஞ்ஞானத் தலைமைக்கு அவர்கள் தேடிப் பிடித்தது யாரை? கிளரன்ஸ் குக் லிற்றில் என்னும் மரபியலாளரை. எலிகளின் பரம்பரையை ஆராய்வதற்கென 1929இலே ஜக்சன் ஆய்வுகூடத்தை நிறுவியவர் அவர். மனித இனத்தைப் பொறுக்கியெடுத்துப் பெருக்க வேண்டும் என்ற கொள்கையினரான அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கத்துக்கும் தலைமை தாங்கியவர். புற்றுநோயைப் பரம்பரையின் கண்ணாடியூடாகவே பார்த்துப் பழகியவர். கம்பனிகளுக்கு வேண்டியதும் அந்தக் கண்ணாடிதான். சிகரட்டைத் தவிர வேறெங்கும் பார்க்கக்கூடிய ஒருவர் கிடைத்துவிட்டார்; பணம் தாராளமாகப் பாய்ந்தது.

லிற்றிலைவிடப் பன்மடங்கு பெரிய அறிஞர் ஒருவர் பிரித்தானியாவிலே துணைக்கு வந்தார். நவீன புள்ளிவிபரவியலின் தந்தையருள் ஒருவரான ரொனால்ட் பிஷரே அவர். 1957இலும் 1958இலும் மருத்துவ, விஞ்ஞான ஏடுகளுக்கு அவர் எழுதிய கடிதங்களின் சாரத்தை நமது ஊர் உவமை ஒன்றாற் சொல்லலாம். குடை பிடிப்போர் மிகுந்த நாளிலே வீதி நனைந்து கிடக்கிறது. ஆகவே குடைதான் வீதியை நனைத்தது என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். இரண்டுக்கும் காரணம் மழையல்லவா! அதுபோலவே புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒருங்கே தரும் பரம்பரைக் கூறு ஒன்று இருக்கலாம். சிகரட் வெறுங் குடையாக இருக்கலாம் என்றார் பிஷர். ஒருகரு இரட்டையர் புகைப்பழக்கத்திலும் ஒத்திருப்பதைக் காட்டும் ஜெர்மானியத் தரவுகளைச் சான்றாகவும் வைத்தார். அத்தரவுகளை அவருக்கு வழங்கியவர், நாஜி ஆட்சிக் காலத்தில் இனவிஞ்ஞானத்தின் முன்னணியில் நின்றவரும் மெங்கலேயின் ஆசானுமான ஃபொன் பெர்ஷூவர். பிஷர் அக்காலத்திலே பிரித்தானியப் புகையிலை உற்பத்தியாளர் குழுவின் ஆலோசகர்.

ஆளைத் தாக்கிக் கருத்தை வீழ்த்துவது எம் நோக்கமன்று. கூலி பெற்றவர் கூறியதும் உண்மையாயிருத்தல் கூடும். பிஷரின் கேள்வி விஞ்ஞான முறைப்படி நியாயமான கேள்வியே. ஆனால் கேள்வி ஒன்று எழுந்தால் அதற்கு விடை தேட வேண்டும். விடை கிடைத்த பின்னரும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பது விஞ்ஞானமாகாது. விடைகள் கிடைத்தன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது விடை கணக்கிலிருந்து வந்தது. 1959இலே ஜெரோம் கோர்ன்பீல்டும் அவருடைய சகாக்களும் எளிய கணக்கொன்றை முன்வைத்தனர். புகைப்போருக்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அவ்வொன்பது மடங்குக்கும் ஒளிந்திருக்கும் பரம்பரைக் கூறு ஒன்றே காரணம் எனின், அக்கூறு புகையாதோரிடம் காணப்படுவதைக் காட்டிலும் புகைப்போரிடம் குறைந்தது ஒன்பது மடங்கு மிகுதியாகக் காணப்படுதல் வேண்டும். அத்தகைய கூறு எங்கே? காட்டுங்கள் என்றனர். பிஷர் 1962இலே இறந்தார். அதுவரையில் எவரும் காட்டவில்லை. அதன் பின்னர் எவரேனும் காட்டினரா என்பதைக் கீழே பார்ப்போம்.

இரண்டாவது விடை காலத்திலிருந்து வந்தது. 1912ஆம் ஆண்டிலே ஐசாக் அட்லர் என்னும் வைத்தியர் மருத்துவ ஏடுகளில் அதுவரை பதிவான நுரையீரற் புற்றுநோயாளர் அனைவரையும் தொகுத்துப் பார்த்தார். நானூறு பேர்கூடத் தேறவில்லை. அத்துணை அரிய நோய் அது. சிகரட் உருட்டும் பொறி 1880களிலே வந்தது; உலக யுத்தங்கள் சிகரட்டைப் படைவீரர் பைகளில் இட்டன; அரை நூற்றாண்டுக்குள் அரிய நோய் ஆண்களைப் பெருந்தொகையாகக் கொன்றது. 1948இலே பிரித்தானிய ஆண்களுள் 82 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வடிவிலே புகையிலை புகைத்தனர். இன்று அந்நாட்டிலே புகைக்கும் ஆண்கள் ஆறிலொரு பங்கினருக்கும் குறைவு; ஆண்களின் நுரையீரற் புற்றுநோய் மரண விகிதமும் 1970களில் இருந்த உச்சியிலிருந்து அரைவாசிக்குக் கீழே இறங்கிவிட்டது. இடையிலே மாறியது யாது? பாட்டனின் பரம்பரை அலகுகளே பேரனிடமும் உள்ளன. இரண்டு தலைமுறைக்குள் ஒரு நாட்டு மக்களின் இரத்தம் மாறி, மீண்டும் ஒருமுறை மாறியது என்று எவரும் கூறத் துணியார். மாறியது சட்டைப் பையில் இருந்த பெட்டிதான்.

மூன்றாவது விடை பிஷர் தாமே அழைத்த சாட்சிகளிடமிருந்து, அதாவது இரட்டையரிடமிருந்து வந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்தோரின் பரம்பரை அலகுகள் ஒன்றே. அவர்களுள் ஒருவர் புகைத்து மற்றவர் புகையாதிருந்தால் என்ன நேரும்? பிஷர் கூறியது சரியாயின் இருவருக்கும் ஆபத்து சமமாக இருத்தல் வேண்டும். நோர்டிக் நாடுகளிலே இலட்சத்துக்கு மேற்பட்ட இரட்டையர் சோடிகளை ஆண்டாண்டாகத் தொடர்ந்து கணக்கெடுத்தோர் 2017இலே முடிவை வெளியிட்டனர். ஒருகரு இரட்டையருள்ளும் புகைத்தவருக்கு, புகையாத உடன்பிறப்பைக் காட்டிலும் நுரையீரற் புற்றுநோய் ஐந்து மடங்குக்கு மேல் வந்திருந்தது. சாட்சி மாறிச் சாட்சியம் சொல்லிற்று.

இனி எமது ஆசிரிய நண்பர் சுட்டிய புதிய விஞ்ஞானத்துக்கு வருவோம். 2008ஆம் ஆண்டிலே மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டன. ஆயிரக்கணக்கான நோயாளரதும் நோயற்றோரதும் டி.என்.ஏ.யை ஒப்பிட்டபோது, பதினைந்தாம் நிறமூர்த்தத்தின் ஓரிடத்திலே உள்ள வேறுபாடு நுரையீரற் புற்றுநோயோடு தொடர்புற்றிருப்பது தெரிந்தது. அவ்விடத்தில் இருப்பது என்ன? நரம்புக் கலங்களிலே நிக்கொட்டினைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகளை ஆக்கும் பரம்பரை அலகுகள்! புகைக்கும் ஆசைக்கும் புற்றுநோய்க்கும் பொதுவான பரம்பரைக் கூறு என்று பிஷர் ஊகித்தாரே, அதுவே கண்முன் வந்து நின்றதுபோலத் தோன்றிற்று. பிஷர் வென்றுவிட்டார் என்று குதூகலிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு வாய்க்குமா?

அவசரப்பட வேண்டாம். இந்தக் கண்டுபிடிப்பை அருகிற் சென்று பார்த்தால் அது யாருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது என்பது புலனாகும்.

முதலில் அதன் அளவு. அவ்வேறுபாட்டின் ஒரு பிரதியைப் பெற்றவருக்கு ஆபத்து ஏறத்தாழ 1.3 மடங்கு. நெடுங்காலம் சிகரட் புகைப்பவருக்கோ, புகையாதவரோடு ஒப்பிட்டால், பத்து மடங்கு, இருபது மடங்கு என்று அது ஏறுகிறது. கோர்ன்பீல்ட் கேட்ட கணக்கிற்கு இது விடையாகுமா? ஐரோப்பிய வம்சத்தவரிலே அந்நிறமூர்த்தப் பிரதிகள் மூன்றுக்கு ஒன்றளவில் இவ்வேறுபாட்டைத் தாங்கியுள்ளன. புகைப்போரிடம் அது ஒன்பது மடங்கு மிகுந்திருக்க எண்ணளவிலேயே இடமில்லை. ஒருவர் புகைக்கத் தொடங்குவதை அது பெரிதாக நிர்ணயிப்பதுமில்லை. மழை என்று பிஷர் எதிர்பார்த்த இடத்திலே கிடைத்தது ஒரு தூறல்.

அடுத்து அது வேலை செய்யும் விதம். 2011இலே எலிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு இதைத் துலக்கிற்று. நிக்கொட்டின் அளவுக்கு மிஞ்சும்போது உடம்பு அதனை வெறுத்து ஒதுக்குவது இயல்பு. முதன்முறை புகைத்தவனுக்குத் தலை சுற்றி வயிற்றைப் புரட்டுவதும் அதனாலேயே. அந்த வாங்கியின் ஒரு பகுதியை இழந்த எலிகள், ஏனைய எலிகள் வெறுத்து விலகிய பெரும் அளவுகளையும் தேடித் தேடி உட்கொண்டன. போதும் என்று சொல்லும் குரல் அவற்றிடம் தளர்ந்துபோயிற்று. மனிதரிடமும் இதற்கு ஒத்த நிலை காணப்பட்டது. இவ்வேறுபாட்டை உடையோர் ஒரே எண்ணிக்கைச் சிகரட்டைப் புகைத்தபோதும், உடலில் நிக்கொட்டினின் சுவட்டை அளந்து பார்த்தால், கூடிய அளவை உள்ளிழுத்திருந்தமை தெரிந்தது. இதன் இரு பிரதிகளையும் பெற்றோர் மற்றையோரிலும் நான்கு ஆண்டுகள் பிந்தியே புகைப்பதைக் கைவிட்டனர் என்றும், நோயும் அவர்களிடம் நான்கு ஆண்டுகள் முந்தியே கண்டறியப்பட்டது என்றும் 2015இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. கைவிட்டோர் பெற்ற நன்மையிலோ இரு சாராருக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

இதன் பொருள் யாது? இந்தப் பரம்பரை அலகு பெரும்பாலும் சிகரட்டின் வழியாகவே கொல்கிறது. சிகரட் இல்லாத உலகிலே இவ்வேறுபாட்டைப் பெற்று ஒருவன் பிறந்து, மணந்து, முதுமையெய்தி மறைவான். தன்னிடம் அப்படி ஒன்று இருந்ததை அவன் அறிந்திருக்கவே மாட்டான். மிக எளிதிற் பிடிபட்டு மிக அரிதாகவே விடுபடக்கூடியவர் கையிலும் இந்தப் பண்டம் விற்கப்படுகிறது என்பதையே 2008இன் கண்டுபிடிப்பு நிரூபித்தது. வணிகனின் குற்றம் இதனாற் குறைந்ததா, கூடியதா என்பதை வாசகர் தாமே தீர்மானிக்கட்டும்.

"புகைக்காதவர்களுக்கும் வருகிறதே!" என்று நண்பர் குறுக்கிடுவார். வருகிறது. உண்மையிலேயே பிறப்புரிமையாக வரும் ஆபத்துமுண்டு. கலங்களின் காவலனாகிய ரி.பி.53 என்ற அலகிலே விகாரத்தைப் பெற்ற குடும்பங்கள் உள; ஈ.ஜி.எவ்.ஆர். என்ற அலகிலே விகாரத்தோடு பிறப்போரும் உளர். அவர்கள் மிகச் சிலர். அவர்களைத் தேடிக் கண்டு காப்பது மருத்துவத்தின் கடன். ஆயினும் புகையாதோர் எல்லோருக்கும் இது பிறப்பிலே வந்தது என்று முடிவுகட்டுவதற்கு முன், அவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்று ஒரு முறை கேட்கலாகாதா?

சீனத்து யுன்னான் மாகாணத்திலே சுவான்வெய் என்றொரு பகுதி இருக்கிறது. அங்குள்ள பெண்களிற் புகைப்போர் மிக அரிது. ஆயினும் அவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் சீனாவிலேயே மிக உயர்ந்த நிலையில் இருந்தது. பரம்பரை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆராய்ந்தோர் அடுக்களைக்குள் நுழைந்து பார்த்தனர். புகைபோக்கி இல்லாத வீட்டுக்குள்ளே, தரையிலுள்ள அடுப்புக் குழியிலே, கரும்புகை கக்கும் நிலக்கரியை எரித்துத்தான் அப்பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வந்தனர். பின்னர் பல வீடுகளில் அடுப்புக்குப் புகைபோக்கி வைக்கப்பட்டது. 2002இலே வெளியான கணக்கின்படி, அவ்வீடுகளிலே நுரையீரற் புற்றுநோய் நாற்பது சதவீதத்துக்கு மேற் குறைந்தது. அதே மக்கள், அதே இரத்தம். புதிதாக வந்தது ஒரு புகைக்குழாய். புகையின் நஞ்சைக் கழிக்க உதவும் நொதியம் ஒன்றின் அலகை இழந்தவர்களுக்கு அங்கு ஆபத்து கூடுதல் என்பதும் கண்டறியப்பட்டதுதான். ஆனால் அந்த அலகு சீனரிலும் ஐரோப்பியரிலும் ஏறக்குறைய அரைவாசிப்பேரிடம் இல்லை. அரைவாசி மனிதகுலத்தைப் 'பலவீனர்' என்று பட்டியலிடுவதா, புகைபோக்கி கட்டுவதா எது அறிவு?

சுரங்கத் தொழிலாளர் கதையும் இத்தகையதே. ஜெர்மனியின் ஷ்னேபெர்க் சுரங்கங்களிலே நூற்றாண்டுகளாகத் தொழிலாளரைக் கொன்ற 'மலைநோய்' உண்மையில் நுரையீரலிலே வளரும் புற்று என்பதை 1879இலே ஹேர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இருவர் எடுத்துக் காட்டினர். பாறையிலிருந்து கசியும் ரேடன் வாயு பின்னர் ஐயத்துக்குள்ளாயிற்று. ஆயினும் 1944இலேகூட, அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்து அறிஞர் எகோன் லோரன்ஸ், அந்த மக்களுக்கே உரிய பரம்பரைப் பலவீனமும் ஒரு காரணமாகலாம் என்று எழுதினார். அடுத்த சில தசாப்தங்களிலே, ஐரோப்பாவோடு இரத்தத் தொடர்பே இல்லாத நவஹோ இனத்து அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் யுரேனியச் சுரங்கங்களில் இறங்கி, அதே நோயால் மடிந்தனர். அவர்களுக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1990இலேதான் வந்தது. ஷ்னேபெர்க்கின் ஜெர்மானியனுக்கும் நவஹோ மனிதனுக்கும் பொதுவாக இருந்த பரம்பரை எது? இருவரும் தொழிலாளர் என்ற ஒன்றே.

எமது மாணவனின் தந்தையார் அரிந்த அஸ்பெஸ்டஸ் பற்றிய கணக்கும் நம்மிடம் உண்டு. 1979இலே ஹமண்ட், செலிகொஃப் முதலானோர் அமெரிக்க அஸ்பெஸ்டஸ் தொழிலாளரைப் பற்றி வெளியிட்ட எண்கள் இவை: புகையாமலும் அஸ்பெஸ்டஸ் தொழில் செய்யாமலும் இருப்பவனின் ஆபத்து ஒன்று எனின், அஸ்பெஸ்டஸ் மட்டும் ஐந்து, புகைத்தல் மட்டும் பதினொன்று, இரண்டும் சேர்ந்தாலோ ஐம்பத்து மூன்று! பதினைந்தாம் நிறமூர்த்தம் தரும் 1.3 இப்பக்கம், இந்த ஐம்பத்து மூன்று அப்பக்கம். இவ்விரண்டுள் 1.3ஐத் தேர்ந்தெடுத்து, அதுவே ஒருவனைக் கொன்றது என்று செத்தவீட்டிலே பேசுவதற்கு நாம் எங்கே கற்றுக்கொண்டோம்?

கற்றுக்கொண்ட இடம் நமக்குத் தெரியாததன்று. உயர்வும் தாழ்வும் பிறப்பிலே விதிக்கப்பட்டவை என்று சொல்லிக் கோயிற் கதவைச் சாத்திய சமுதாயம் நம்முடையது. வறுமையைத் தலையெழுத்து என்றும், குழந்தையின் சாவை ஊழ் என்றும் சொல்லிப் பழகிய நா, இப்போது ஜீன் என்ற புதுச் சொல்லைப் பெற்றிருக்கிறது. சொல் புதிது, சோம்பல் பழையது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதையாவது தமிழ் கற்பிக்கும் நாம் நினைவிற் கொள்ளலாம்.

இந்தச் சோம்பலால் இலாபமடைவோர் உளர். குற்றம் இரத்தத்திலே என்றாகிவிட்டால், தூசியை அடக்கச் செலவிட வேண்டுவதில்லை. நட்டஈடு கொடுக்க வேண்டுவதில்லை. 'பலவீனமான' தொழிலாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாற் போதும். வெறுங் கற்பனையன்று இது. அமெரிக்க இரயில்வேக் கம்பனி ஒன்று, வேலையாற் கை நோவு வந்தது என்று முறையிட்ட தொழிலாளரின் இரத்தத்தை அவர்கள் அறியாமலே பரம்பரைச் சோதனைக்கு உட்படுத்தியமை 2001இலே வழக்காகியது. தொழில் கொடுப்போரும் சுகாதாரக் காப்புறுதிக் கம்பனிகளும் பரம்பரைத் தகவலைக் கொண்டு பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அந்நாட்டிலே 2008இற் கையொப்பமாயிற்று. பதினைந்தாம் நிறமூர்த்தத்துக் கண்டுபிடிப்பு வந்ததும் அதே ஆண்டிலேதான். ஆயுட் காப்புறுதிக்கு அச்சட்டத்திலும் தடையில்லை.

நமது நாட்டிலும் ஒரு காட்சி நடந்தது. அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 முதற் கட்டுப்படுத்திப் படிப்படியாக ஒழிப்பதென இலங்கை அரசு முடிவு செய்திருந்தது. 2017 டிசெம்பரிலே, உலகில் மிக அதிகமாக அஸ்பெஸ்டஸ் அகழும் நாடாகிய ரஷ்யா, தேயிலைப் பொதியொன்றிலே வண்டு ஒன்று காணப்பட்டது என்று கூறி இலங்கைத் தேயிலைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. சில நாட்களிலே நமது அமைச்சரவை அஸ்பெஸ்டஸ் தடையைப் பின்போட்டது. அம்மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கிற்று. ஒரு வண்டுக்காக எத்தனை மேசன்மாரின் நுரையீரல் ஈடு வைக்கப்பட்டது என்பதை எந்த நிறமூர்த்தத்திலும் தேடிக் காண இயலாது.

அவ்வாறாயின் பரம்பரை பற்றிய அறிவால் பயனில்லையா? உண்டு, அந்த அறிவு எவர் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது பயன். எளிதில் விடுபட இயலாத உடம்பு ஒருவருக்கு வாய்த்திருக்கிறது எனின், அவரைப் பழிப்பதை விட்டு, அவருக்குக் கூடிய மருந்தும் கூடிய துணையும் கொடுக்கலாம். அரிய விகாரங்களைக் கொண்ட குடும்பங்களை வேளையோடு பரிசோதிக்கலாம். நெடுங்காலம் புகைத்தவர்களைக் குறைந்த கதிர்வீச்சுடைய சி.ரி. கருவியால் ஆண்டுதோறும் பரிசோதிப்பதால் நுரையீரற் புற்றுநோய் மரணம் இருபது சதவீதம் குறையும் என்று 53,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு 2011இலே காட்டியது. அக்கருவி பணமுள்ளவனுக்கு மட்டும் கிட்டுமா, மேசனுக்கும் கிட்டுமா என்று கேட்பது நமது வேலை. கூரைத் தகட்டுத் தூசியைச் சட்டத்தால் ஒழிக்கும்படி கோருவதும், அதுவரையில் தகட்டை நனைத்து வெட்டவும் தகுந்த முகக்கவசம் கொடுக்கவும் கொந்தராத்துக்காரரை நிர்ப்பந்திப்பதும் நமது வேலை. வகுப்பறையிலே பரம்பரை அலகைக் கற்பிக்கும்போது, அதனோடு 1.3க்கும் ஐம்பத்து மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டையும் கற்பிப்பது ஆசிரியராகிய நம் ஒவ்வொருவரதும் வேலை.

பையனுக்கு நாம் சொன்னது இதுதான். "தம்பி, உன்ரை அப்பாவிடமிருந்து உனக்கு வந்ததிலே ஆபத்து சிறிது இருக்கலாம், அது சிறிதுதான். பெரிய ஆபத்து உனக்கு வெளியே இருக்கிறது. வெளியே இருப்பதை மறுக்கலாம்." பிரித்தானிய வைத்தியர்களின் ஐம்பதாண்டுக் கணக்கையும் அவனுக்குக் கூறினோம். புகைப்பதை விடாதவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். அறுபதில் விட்டவர் மூன்று ஆண்டையும், ஐம்பதில் விட்டவர் ஆறு ஆண்டையும், நாற்பதில் விட்டவர் ஒன்பது ஆண்டையும், முப்பதில் விட்டவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்டுக்கொள்கின்றனர் என்று 2004இலே வெளியான கணக்கு அது. அவனுக்கு இன்னும் பதினாறு. தொடங்காமலே இருந்துவிடலாம்.

அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பின்பு, சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் சித்தப்பாவோடு வேலைக்குப் போகவிருப்பதாகச் சொன்னான். தாயும் இரண்டு தங்கைகளும் இருக்கிறார்கள், வேறு வழியில்லை. அப்பாவின் சாமான்களெல்லாம் வீட்டிலே பத்திரமாக இருக்கின்றனவாம்: மட்டப்பலகை, சாந்தகப்பை, தூக்குக்குண்டு, சீற் அரியும் கைவாள்.

தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் பரம்பரைச் சொத்து அந்தக் கைவாள். அதை எந்த ஆய்வுகூடத்திலும் இரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவன் அதைக் கையில் எடுக்கும் நாளுக்கு முன்பு அந்தத் தூசியை ஒழிக்க நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதே கேள்வி. எமது ஆசிரிய நண்பர் இதற்கு விடை கூறட்டும்.